வடலூர் ஐதிகங்களும் சைவர் கடப்பாடும்

திருச்சிற்றம்பலம்

அளவைநூல் கற்றார் யாவரும் ஐதிகம் என்னுஞ் சொல்லை அறிவர். பிரமாணம் பத்தென்று எண்ணுவார் கொள்ளும் பத்தனுள் அஃது ஒன்று. ஆலமரத்திற் பேயுண்டென ஊரார் வழிவழியாகக் கூறிவருதலை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுப. அப்பேயை முதலிற் கண்டார் யாவர் என்று வினவின் விடையில்லை. யார் வாயிற் கேட்டனை என்று வினவின், தந்தை வாயிற் கேட்டேன், அவர் தம் தந்தை வாயிற் கேட்டனர் என்பதே விடையாகும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் அளவையியலில் இவற்றை எடுத்தோதி, யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்று முடிவுசெய்தருளினர். அம்முடிவின் பயன் யாதெனின், ஐதிகத்திற்குத் தனக்கென ஓர் ஆற்றலில்லை யென்பதே. அதன் முதற்சொல் குற்றமற்ற பெரியோர் சொல்லாயின் அஃது உரையளவையாய் நிற்கும். அன்றாயின் ஆலமரத்துப் பேயாய்ப் போம்.

இவ்விதியைப் பாடங்கேட்குங்கால் யாவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்கின்றனர். சுவடியைக் கட்டிவைத்து வெளியே வந்தவுடன் அதனை நெகிழ விடுகின்றனர். அங்ஙனம் நெகிழ்த்ததனாற் பெருங்கேடு விளைந்த இடம் ஒன்றுளது, அது வடலூர். இராமலிங்க அடிகளைப் போற்றுவாரும் தூற்றுவாரும் ஒருங்கே கதைகளைப் பற்றிக்கொண்டு வரலாற்றைக் கைவிட்டனர். போற்றுவார் கதையால் அடிகளுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுகின்றனர். தூற்றுவார் அக்கதைகளையே காட்டி அடிகள் செய்த அறத்தையும் எள்ளிப் போகின்றனர். இருவர்க்கும் இடையே நசுங்கிக் கிடப்பது, பசித்தவர்க்குச் சோறிட்டு, சாதி சமய வேற்றுமையின்றி ஒருங்கு வாழ முற்பட்ட ஒரு கூட்டத்தின் மெய்வரலாறு. அதனை மீட்டல் சைவர்க்குங் கடன் என்பதும், சைவர்க்கே சிறப்பாகக் கடன் என்பதும் ஈண்டு யாம் நிறுவப் புகுந்தவை.

முதற்கண் ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்டவற்றைத் தொகுத்துக் கூறுவாம். அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றினர். சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் பாடி, 1858-இல் சென்னையை நீங்கித் தென்திசைத் தலங்களை வழிபட்டுக் கருங்குழியில் அமர்ந்தனர். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினர். 1867 பெப்ரவரியில் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை அச்சிட்டு வெளிப்படுத்தினர். அவ்வாண்டே மே 23-ஆம் நாள் பார்வதிபுரம் என்னும் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்குரிய நிலம், ஏறத்தாழ எண்பது காணி, அவ்வூர்க் குடிகளால் எழுத்துமூலம் அளிக்கப்பட்டது. 1870-இல் அடிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்திற்கு உறைவிடத்தை மாற்றினர். எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபை 1872 ஜனவரி 25-இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டிற் சங்கத்தின் பெயர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றப்பட்டது. 1873 அக்டோபரிற் சன்மார்க்கக் கொடியேற்றிப் பேருபதேசஞ் செய்தனர். 1874 ஜனவரி 30-இல் சித்திவளாகத் திருமாளிகையின் அறையினுட் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். அதன்பின் அவரைக் கண்டார் இலர்.

ஒன்பதே ஆண்டுகளில் நிகழ்ந்த இச்செயல்களை நோக்குமின். சங்கம், சாலை, சபை என்னும் மூன்றும் ஒரு பெருங்கருத்தின் மூன்றுறுப்புக்கள். சங்கத்திற் கூடுவார் எவ்வுயிரையுந் தம்முயிர்போல் எண்ணும் ஒழுக்கத்தினர். சாலையில் அவ்வொழுக்கஞ் சோறாக வெளிப்படும். சபையில் அதன் முடிந்த பயனாகிய அருட்காட்சி கிட்டும். இஃதோர் ஊரையே புதிதாகச் சமைக்கும் முயற்சியாகும். இம்முயற்சி எங்ஙனம் நடந்தது, எதனால் தளர்ந்தது, எவ்வளவு நிலைத்தது என்பனவன்றோ ஆராயத்தக்கன? ஆயின், நம்முன் வைக்கப்படுவன யாவை? உருப்பிடிக்குங் கருவியின்முன் அடிகள் நிற்ப, வெள்ளாடை மட்டும் பதிந்து மேனி பதியாதொழிந்தது என்பது ஒன்று. சாலையில் அரிசி தீர்ந்தபோது கேளாமலே வண்டிகள் வந்து நின்றன என்பது ஒன்று. நீதிமன்றத்திற் பகைவரே எழுந்து வணங்கினர் என்பது ஒன்று. அதிகாரிகள் பூட்டிய அறையைத் திறந்து பார்த்து வெற்றிடங் கண்டு திகைத்தனர் என்பது ஒன்று. இவற்றைக் கேட்டுக் கைதட்டிய கூட்டம், சாலைக்கு ஒரு படி அரிசி கொடாமலே மகிழ்ந்து வீடு திரும்புகின்றது.

அரிசிவண்டிக் கதையை எடுத்துக்கொள்வாம். சாலை தொடங்கியது வற்கடம் அறியாத காலத்தன்று. அதற்கு முந்திய 1866-இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் பஞ்சம் வாட்டியிருந்தது. அத்தகைய காலத்தில் நாள்தோறும் வந்தார்க்கெல்லாஞ் சோறிடுதல் வேண்டுமாயின், நெல் விளைத்தவன் ஒருவன், குற்றிப் புடைத்தவள் ஒருத்தி, மூட்டை ஏற்றியவன் ஒருவன், இரவெல்லாம் வண்டி யோட்டியவன் ஒருவன், அடுப்பின்முன் கண்ணெரிய நின்றவன் ஒருவன் என இத்துணைப் பேரும் வேண்டும். கதை இவர்களை யெல்லாம் துடைத்தெறிந்து, "தானே வந்தது" என்கின்றது. அடிகளை உயர்த்துவதாக எண்ணி, அடிகள் யாரைத் திருத்த முயன்றனரோ அவ்வெளிய குடிகள் செய்த தருமத்தை அவர் கையினின்றும் பறித்துக்கொள்ளுதல் அறமாகுமா? உள்ளத்தில் ஈரம் பிறந்து தன் களத்து நெல்லைத் தானே ஏற்றிக்கொண்டு ஒருவன் வந்தானாயின், அவ்வீரமே திருவருள். அதனைக் காணமாட்டாதார் வண்டியை மட்டுங் கண்டு வியக்கின்றனர்.

கருங்குழியில் தண்ணீர் எண்ணெய்போல் எரிந்த செய்தியை இவற்றோடு ஒருங்குவைத்துத் தள்ளுதல் எமக்குக் கருத்தன்று. என்னை? அடிகள் தாமே ஒரு பாட்டில் அதனைக் குறித்துள்ளனர். ஆகலின் அஃது அவர்தம் உரையாய் நிற்பது. ஆயினும், அப்பாட்டிலும் உண்மையான விளக்கு எது என்னும் வினாவே முன்னிற்கின்றது. அவ்வினாவை விட்டுத் தண்ணீரை மட்டும் பற்றுவார், விளக்கு வைத்த மாடத்தை வணங்கி, விளக்கொளியிற் படிக்கத்தக்க ஏட்டைப் படியாது விட்டாரோ டொப்பர். உரையளவையும் ஐதிகமும் வேறாதலைக் காட்டவே இதனை விதந்தோதினாம்.

அடுத்து, வருவதுரைத்தார் என்னுங் கூற்று. உருசிய நாட்டினின்றும் அமெரிக்க நாட்டினின்றும் சிலர் வந்து சகோதர நேயத்தைப் போதிப்பர் என்று அடிகள் முன்னரே கூறினர் என வேலாயுத முதலியார் பிரம்மஞான சபையார்க்கு வாக்குமூலம் அளித்தனர். அவ்வாக்குமூலம் அச்சேறியது 1882-இல். பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் நியூயார்க்கில் அச்சபையை நிறுவியது 1875-இல்; அவர்கள் பம்பாயில் வந்திறங்கியது 1879-இல். வந்தவர் வந்து மூன்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்ட ஒன்றனை, வருமுன் கூறியதற்குச் சான்றென்று கொள்ளுதல் எவ்வளவையின்பாற் படும்? வேலாயுத முதலியார் பொய்கூறினர் என்கின்றேம் அல்லேம். அருட்பாவை அச்சேற்றித் தந்த அவரது நன்றி மறக்கற்பாலதன்று. ஆசிரியரைப் பிரிந்து எட்டாண்டு ஏங்கிய ஒரு மாணாக்கர் நினைவில், கண்முன் நிற்பார் உருவம் பழைய சொல்லின்மேற் படிதல் இயல்பென்பதே எம் கருத்து. நினைவு அன்பினாற் கனியும்; கனிந்த நினைவு அன்பிற்குச் சான்று; நிகழ்ச்சிக்குச் சான்றன்று.

மஞ்சக்குப்பத்து வழக்கினைப் பற்றிய கதைகளோ இன்னும் இரங்கத்தக்கன. ஆறுமுக நாவலர்க்கும் அடிகள் சார்பினர்க்கும் நிகழ்ந்த பூசல் 1869-இல் நீதிமன்றம் ஏறியது. ஒருசாரார் கூறுங் கதையில், அடிகள் உள்ளே வந்தபோது நாவலரே தம்மை யறியாது எழுந்து கைகுவித்தனர். அதுகண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினர். மற்றொரு சாரார் கூறுங் கதையில், அடிகள் நாவலர்முன் அஞ்சி நின்றனர். கேட்பீராக: ஒவ்வொரு கதையிலும் தலை குனிபவர் எதிரியே. இங்ஙனம் இரு கதைகளும் கேட்பார் விரும்பியவண்ணமே முடிதலின், இவை நிகழ்ச்சியைக் காட்டாது கேட்பாருடைய விருப்பத்தையே காட்டுகின்றன. நாவலர் எழுப்பிய வினாவோ கூர்மையானது. ஒருவர் தம் காலத்துப் பாடல்களுக்கு அருட்பா என்றும் திருமுறை என்றும் பெயர் வழங்கலாமோ என்பது அவ்வினா. அதற்கு நூன்முறையால் விடை கூறுவார் கூறுக, மறுப்பார் மறுக்க. 1903-ஆம் ஆண்டளவில் நா. கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிர் நின்று வாதித்தபோது அவ்வினா மீளவும் எழுந்தது. செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர் அருட்பாவிற்காக எழுந்து பேசியதும் அப்போதே. இவையெல்லாம் கற்றார் அவைக்குப் பெருமைதரும் வரலாறு. நாவலர் எழுந்தாரா இருந்தாரா என்பது அத்தகையதன்று.

இனி, யாவற்றினும் பெரிதாகப் பேசப்படும் அறைக்கதவின் செய்தி. அடிகள் மறைந்த சின்னாட்களில் மாவட்டத் தலைவரும் பிற அதிகாரிகளும் வந்து கதவைத் திறந்தனர், உள்ளே ஒன்றுங் காணாது வியந்து சாலைக்குப் பொருள் கொடுத்தேகினர் என்பது வழங்குங் கதை. இதற்கு எதிராக, பகைவர் அவரை மாய்த்தனர் என்னும் மறுகதையும் இக்காலத்திற் சிலரால் உரத்துப் பேசப்படுகின்றது. 1906-இல் அரசாங்கத்தார் வெளியிட்ட தென்னார்க்காட்டு மாவட்ட விவரணநூல் யாது கூறுகின்றது? 1874-இல் அவர் அறையிற் புகுந்து பூட்டிக்கொண்டனர், சில காலம் திறவற்க என்று மாணாக்கர்க்குக் கூறியிருந்தனர், அதன்பின் அவரைக் கண்டாரில்லை, அறை இன்னும் பூட்டியே யிருக்கின்றது, இறைவனோ டொன்றாயினர் என்றும் மீண்டும் வெளிப்படுவர் என்றும் அன்பர்கள் நம்புகின்றனர் என்பது அதன் செய்தி. அற்றேல், திறந்து பார்த்து மீளப் பூட்டினர் எனக் கொள்ளலாமே எனின், அதிகாரிகளே திறந்து வியந்தனராயின் அவ்வதிகாரிகளின் அரசு முப்பத்திரண்டு ஆண்டு கழித்து எழுதுவித்த நூலில் அதற்கு ஒரு வரியேனும் வேண்டுமன்றோ? வேற்றுச் சமயத்து அதிகாரியின் வியப்பு நமக்கு எற்றுக்கு? நம் பெரியோர்க்கு வெள்ளையர் கையெழுத்தினால்தான் மதிப்பு வருமென்னும் அடிமையெண்ணமே இக்கதையைப் பெற்றதாய். மறுகதையோ, பிணமுமின்றிச் சான்றுமின்றிக் கொலையுரைப்பது. ஆலமரத்துப் பேயின் மற்றொரு கிளை.

ஈண்டு ஒருவர் எழுந்து, "சைவராகிய நீர் முதலையுண்ட பாலனை மீட்டதையும், எலும்பு பெண்ணானதையும் நம்புகின்றீர், வடலூர் அற்புதத்தை மட்டும் மறுத்தல் ஓரவஞ்சனை யன்றோ?" என்று கடாவலாம். கடா தக்கதே. விடை கூறுதும். திருவருளுக்கு அரியதொன்று உண்டென்று யாம் கூறினேம் அல்லேம். ஒவ்வொரு செய்தியையும் அதன் முதற்சொல்லுக்குரியார் யாவர் எனக் கேட்கின்றேம். திருத்தொண்டர் வரலாறு நம்பியாரூரர் திருவாக்கினின்று தொடங்கி, நம்பியாண்டார் நம்பி வழியாக வந்து, சேக்கிழார் பெருமானால் விரிந்தது. அருளாசிரியர் தம் பதிகங்களே பலவிடத்தும் அகச்சான்றாய் நிற்பன. அஃது எமக்கு உரையளவை. வடலூர் வரலாறோ நூற்றைம்பது ஆண்டுக்கு மேற் சிறிதே கடந்தது. அடிகள் தம் கைப்பட எழுதிய கடிதங்களும், விதிகளும், அறிவிப்புக்களும் உள்ளன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை அவற்றைப் பாட்டோடு சேர்த்து 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாக அச்சேற்றினர். ஊரன் அடிகள் 1972-இல் ஆராய்ந்து பதிப்பித்தனர். ஆசிரியர் எழுத்து கையிலிருக்க, அயலார் வாய்ச்சொல்லை அதன் மேலேற்றி வைத்தல் எந்நெறியிலும் முறையன்று.

அன்றியும், நம் புராணம் அற்புதத்தை எங்ஙனம் கையாளுகின்றது என்பதை நோக்குமின். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது இறைவர் அப்பர்க்கும் சம்பந்தர்க்கும் நாடோறும் படிக்காசு அருளினர். சேக்கிழார் அக்காசோடு கதையை நிறுத்தினரா? காசு கடைத்தெருவிற்குச் செல்கின்றது, பண்டம் வாங்கப்படுகின்றது, ஒருவர் காசிற்கு வட்டம் கேட்கப்படுதலால் அம்மடத்தில் அடியார்க்குச் சோறிட நேரமாகின்றது, நேரமாதலைப் பொறாது அப்பிள்ளையார் மீண்டும் பாடி வாசியில்லாக் காசு பெறுகின்றனர். பசித்த அடியாரின் இலையிற் சோறு விழும்வரை அவ்வற்புதம் முடியவில்லை. இளையான்குடி மாறர் விதைத்த நெல்லை இருளில் வாரியதும் விருந்தினர் பசிக்காகவே. இதுவே சைவமரபு. வடலூர்க் கதைகளைக் கூறுவாரோ காசைக் காட்டி இலையை மறைக்கின்றனர்.

அங்ஙனம் மறைக்கப்பட்டன யாவை? முதலாவது, சங்கம் தன் உறுப்பினர்மேல் வைத்த பெருஞ்சுமை. சீவகாருணியமே வீட்டுக்கதவின் திறவுகோல் என்றும், அவ்வொழுக்கமின்றிச் செய்யும் வழிபாடும் தவமும் பயன்படா என்றும் அடிகள் எழுதினர். பசி ஒருவன் உடலிலும் அறிவிலும் செய்யும் அழிவினை உறுப்புறுப்பாக விரித்தெழுதினர். சாதி குலம் பாராமை, புலால் மறுத்தல், சிறுதெய்வங்கட்கு உயிர்ப்பலி யிடாமை என்பன விதிக்கப்பட்டன. இவற்றை யேற்று நடத்தல் அரிது. அற்புதக்கதை கேட்டல் எளிது. அடிகள் தம் இறுதிக்காலத்தில், தாம் கூறியதைக் கொள்வார் இலர் என வருந்தினர் என்பது அவர் அன்பர்களே வழிவழியாக ஒப்புக்கொள்ளுஞ் செய்தி. தம்மைத் தாமே இழித்துரைக்குஞ் செய்தியை ஒரு கூட்டத்தார் வீணே படைத்துக்கொள்ளார். ஆகலின் ஐதிகமேயாயினும் அஃது எம்மாற் கொள்ளற்பாலது. சங்கம் தளர்ந்ததன் காரணம் அதனுளே கிடக்கின்றது.

இரண்டாவது, சைவர்க்கும் அடிகட்கும் உள்ள உண்மையான வேற்றுமை. 1873-இன் பேருபதேசத்தில் அடிகள், சைவத்தில் தமக்கு முன்னிருந்த பற்று அளவிடற்கரியதென்றும், அப்பற்றும் பின்னர் நீங்கிற்றென்றும், வேத ஆகமங்களிலும் சமயங்களிலும் இலக்கியம் வைக்கற்க என்றும் தெளிவாகக் கூறினர். இறந்தாரைச் சுடாது புதைக்குமாறு 1871-இல் வற்புறுத்தியெழுதினர். ஆண்டவர் வருங்கால் இறந்தார் எழுவர் என்று சங்கத்தார் எதிர்நோக்கினர். சித்தாந்திகளாகிய நாம் இவற்றை ஏற்கமாட்டேம். மாயையின் காரியமாகிய உடம்பு ஒடுங்குதற்குரியது. ஆன்மாவுக்குரிய பேறு மலநீக்கமும் சிவப்பேறுமாம். வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்பது நம் நூற்றுணிபு. இவ்வேற்றுமையை வெளிப்படையாகக் கூறி வாதித்தலே அடிகட்கு நாம் செய்யும் மதிப்பு. அதனை விடுத்து, முதல் ஐந்து திருமுறைகளை மட்டும் ஓதி, "அவர் நம்மவரே" என்று அணைத்துக்கொள்ளுதல் ஒருவகைக் களவு. ஆறாந்திருமுறையை மட்டுங் காட்டி, "அவர் சைவத்தை யறியாதார்" என்றல் மற்றொருவகைக் களவு. கதைகள் இரு களவுக்கும் போர்வையாயின.

மூன்றாவதாகக் கூறப்புகுவது சைவநன்மக்கள் சிலர்க்குக் கசக்குமாயினும் கூறாதொழியேம். ஞானசபையில் வழிபாடு நிகழவேண்டிய முறையை அடிகள் 1872 ஜூலை 18-இல் எழுத்தில் விதித்தனர். பன்னிரண்டு வயதிற்கு மேற்படாதாரேனும் எழுபத்திரண்டு வயதிற்குக் குறையாதாரேனும் உட்சென்று தூசு துடைத்து விளக்கு வைக்கவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. பிறப்பும் குலமும் அங்கே கேட்கப்படவில்லை. ஆசை அரும்பாத பருவமும் ஆசை உதிர்ந்த பருவமுமே கேட்கப்பட்டன. ஏழு திரைகளுக்கப்பால் சோதியொன்றே காட்சிப்பொருள். இவ்விதி எழுத்தில் இருப்பவும், பிற்காலத்தில் அச்சபையினுள் சிவலிங்க வழிபாடு புகுந்து பல்லாண்டு நடந்தது. அன்பர் முறையிட்டனர். விதிப்படி சோதிவழிபாடே நிகழவேண்டுமென அறநிலையத்துறையார் 2006-இல் ஆணையிட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் 2010-இல் அதனை உறுதிசெய்தது. "சிவலிங்கத்தையா வெளியேற்றுவது? நெடுநாள் வழக்கன்றோ?" எனச் சைவருட் சிலர் வெகுண்டனர்.

அவரை யாம் வினவுவது இது. ஓர் ஆலயம் எவ்வாகமத்தின்படி கருஷணம் முதற் பிரதிட்டை ஈறாக நிறுவப்பட்டதோ அவ்வாகமத்தின்படியே ஆண்டு பூசை நிகழ்தல் வேண்டும், வேற்றாகமத்தைப் புகுத்துதல் தந்திரசங்கரம் என்னும் பெருங்குற்றம் என்று நம் ஆகமங்கள் முழங்கவில்லையா? காமிகத்தால் தொடங்கிய கோயிலிற் காரணத்தைப் புகுத்தினும் குற்றமென்பேம். வைகானசர் கோயிலிற் பாஞ்சராத்திரம் புகுதலை வைணவரும் ஒப்பார். அங்ஙனமாக, சோதிக்கென நிறுவுநராலே விதியெழுதப்பட்ட ஓரிடத்தில் நம் வழிபாட்டை நுழைத்து, அதனைச் சிவத்தொண்டென்று கூறுதல் எவ்வாகமத்தின்படி? சிவலிங்கம் நம் உயிரினும் இனிய திருவுரு என்பதனாலன்றோ, அதனைப் பிறர் இல்லத்தில் விதிமீறி வைக்க நாம் ஒருப்படாதொழிதல் வேண்டும்? நெடுநாள் வழக்கென்பது ஐதிகத்தின் மற்றொரு பெயர். எழுதிய விதியின்முன் அது நில்லாது. நமக்குரிய திருக்கோயில்கள் விளக்கெரியாமலும் ஒருகாலப் பூசையுமின்றியும் எத்துணையோ கிடக்கின்றன. வெகுளி அங்கே விளக்காக எரிவதாக.

இதுகாறும் கூறியவற்றால் ஊர்வழக்கு முழுதும் பொய்யென்று கொள்ளற்க. உரையோடும் ஆவணத்தோடும் பொருந்தும் ஊர்வழக்கு மிக அரியதொரு செல்வம். சபையைச் சூழ்ந்த பெருவெளி தம் முன்னோர் கொடுத்தது, தைப்பூசத்திற் கூடுவார்க்காக வெறுவெளியாய் விடப்பட்டது என்று பார்வதிபுரத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். அரசினர் அப்பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்றை எழுப்ப 2024-இல் அடிக்கல் நாட்டியபோது, எழுந்து தடுத்தவர் அவ்வூர்க் குடிகளே. வழக்கும் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. கட்டடம் வேண்டும் வேண்டாம் என்னும் வழக்கில் யாம் புகவில்லை. எண்பது காணி என்னும் எழுத்தும் எம் முன்னோர் கொடுத்தனர் என்னும் வாய்ச்சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காட்டுகின்றேம். மேனி பதியாத படத்தைப் பற்றி ஆயிரம் மேடையிற் பேசினார் யாரும் அந்நிலத்தின் எல்லையைக் கேட்டாரல்லர். உழுது கொடுத்தவன் பேரன் கேட்டான். வரலாற்றைக் காத்தவர் எவர் என்பது இதனால் விளங்கும்.

அடிகள் மறைந்து ஈராண்டில் 1876-இன் கொடும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூழ்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலக்கம் மக்கள் மாண்டனர். எதிர்நோக்கியவாறு இறந்தார் எழுந்தாரல்லர், இருந்தாரும் இறந்தனர். சங்கத்தின் பெருங்கனவு நிறைவேறாமற் போயிற்று. போயினும், 1867-இல் மூட்டிய அடுப்பு அணையவில்லை. இன்றும் வடலூரில் எரிகின்றது. இன்றும் வந்தார் உண்கின்றனர். கனவினும் அடுப்பு நிலைத்தது. சித்தாந்தி ஒருவன் அக்கனவை மறுக்கலாம். அவ்வடுப்பை மறுக்க அவனுக்கு ஒரு நூலும் துணைசெய்யாது. மாகேசுவர பூசையையும் அன்னம்பாலிப்பையும் நான்கு பாதத்துள் முதற்பாதமாகிய சரியையிலேயே கற்றவன் அவன்.

ஆதலின் சைவ நன்மக்காள்! அடிகளைப் பற்றி ஒன்று கூறப்புகுமுன், "இதன் முதற்சொல் யாருடையது?" என்று கேண்மின். அடிகள் எழுத்தில் உளதாயின், உடன்பட்டோ மறுத்தோ நேர்நின்று உரைமின். இல்லையாயின் ஆலமரத்தடியிலேயே விட்டுவிடுமின். அவர் நிறுவிய இடத்தில் அவர் விதியே நிகழ்வதாக என்று ஒருப்படுமின். நம் மடங்களிலும் கோயில்களிலும் அன்னம்பாலிப்பு நின்றுபோன இடங்களை எண்ணி, ஒவ்வொரு பூசத்திற்கும் ஓரடுப்பேனும் மூட்டுமின். வடலூரோடு நமக்குள்ள வழக்கு ஞானத்தைப் பற்றியது; அவ்வழக்கை வாய்திறந்து பேச உரிமையுடையவர் தம் வாயிலிற் பசித்து நிற்பாரைப் போக்காதவரே. இதனை நடுநிலை பிறழாது ஆராய்ந்து கொள்க.

திருச்சிற்றம்பலம்